குழாயினுள் குறையும் வெல்லம்

கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தின் அருகே சுவாமி விபுலானந்தரின் சமாதி அமைந்திருக்கிறது. துறவியாகவும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1947இல் அரங்கேறிய யாழ் நூலின் ஆசிரியராகவும் அவரை நினைவுகூரும் விழாக்களுக்குக் குறைவில்லை. அவர் முறையாக அறிவியல் பயின்றவர் என்பதும், யாழ்ப்பாணத்திலே அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதும், 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் அவ்விழாக்களில் ஓரிரு வாக்கியங்களோடு கடந்து செல்லப்படுகின்றன. யாழ் நூல் அடிப்படையில் அளவு பற்றிய ஒரு நூல். நரம்பின் நீளத்துக்கும் அதனின்று எழும் சுருதிக்கும் உள்ள விகிதத்தை எண்ணாற் கூறி, அவ்வெண் பெறப்பட்ட வழியையும் உடன் காட்டுவது அது. எண்ணைச் சொல்பவன் எண் வந்த வழியையும் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் ஒழுக்கம் அந்நூலின் அடித்தளத்திலே கிடக்கிறது.

அந்தச் சமாதியைச் சூழ வாழும் மக்களிற் பலருடைய கைகளுக்கு இன்று ஓர் எண் வந்து சேர்கிறது. ‘சீனி வருத்தம்’ என்று ஊரார் வழங்கும் நீரிழிவு தமக்கு உண்டா இல்லையா என்பதை அவ்வெண்ணே தீர்க்கிறது. அது எந்தக் கணத்துக் குருதிக்கு உரியது, ஊசி ஏறிய கணத்துக்கா, அதன்பின் மூன்று மணிநேரம் கழித்துக் குழாயிலே எஞ்சியதற்கா என்பதை அறிக்கை சொல்வதில்லை. கேட்பாரும் இல்லை. இது கல்லடிக்கோ மட்டக்களப்புக்கோ மட்டும் உரிய குறையன்று. நாடெங்கிலும், நாடு கடந்தும் உள்ள குறை. ஆயினும் வெப்பமும் தூரமும் கூடிய இடத்திலே இக்குறை பெருகுவதால், அதனைப் பேசுவதற்கு இவ்வாவிக்கரை பொருத்தமான இடமாகிறது. குருதி எடுத்த நேரமும், அதனின்று திரவவிழையத்தைப் பிரித்த நேரமும் குறிக்கப்படாத குளுக்கோசு அறிக்கை அறிக்கையே அன்று. அதனை ஏற்பதும் வழங்குவதும் அறிவியலுக்கு ஒவ்வாத செயல்கள்.

தமிழில் ‘அளவை’ என்னும் சொல் அளக்கும் கருவியையும் குறிக்கும். உண்மையை அறியும் வழியையும் குறிக்கும். சிவஞான சித்தியார் தன் பொருளைத் தொடங்குமுன் அளவையைப் பேசுகிறது. பலவாகச் சொல்லப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்குகிறது. ஆய்வுகூட அறிக்கையிலுள்ள எண்ணைப் பலர் காண்டல் அளவையின்பாற்பட்டதாக எண்ணுகின்றனர். இயந்திரம் குளுக்கோசைப் ‘பார்த்துச்’ சொல்லிவிட்டது என்பது அவர்தம் நம்பிக்கை. எந்த இயந்திரமும் குளுக்கோசைப் பார்ப்பதில்லை. ஆய்வுகூடத்தில் நிகழ்வது கருதல். புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது போல, நிறத்தைக் கண்டு வெல்லம் உண்டெனத் துணிவது. நோயாளியின் கைக்கு அது வந்து சேரும்போதோ உரை அளவையாகிவிடுகிறது; சொன்னவரின் தகுதியை நம்பி ஏற்கப்படும் சொல்லாகிறது. இம்மூன்றையும் ஒன்றாக்கி மயங்குவதிலேதான் குற்றம் தொடங்குகிறது.

இக்கருதல் நிகழும் முறையைச் சிறிது நோக்கினால் அதன் வலுவும் வலுவின்மையும் விளங்கும். குருதிக் குளுக்கோசை அளக்க 1920ஐ ஒட்டி ஃபோலின், வூ ஆகிய இருவர் வகுத்த முறை செப்பு அயனின் தாழ்த்தலை அடிப்படையாகக் கொண்டது. குளுக்கோசு மட்டுமன்றிக் குருதியிலுள்ள வேறு தாழ்த்தும் பொருள்களும் அங்கே வெல்லமாகவே எண்ணப்பட்டன. அதனால் விடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் மிகைபட்டு நின்றது. பின்னர் வந்த ஓதோதொலுயிடின் முறை அசற்றிக்கமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பச்சை நிறம் காண்பது. குளுக்கோசைப் பெரிதும் இனங்கண்டது எனினும் அதன் சோதனைப்பொருள் புற்றுநோய்க்கு ஏதுவானது என்று கைவிடப்பட்டது. (அளப்பவருடைய உடல்நலமும் அளவீட்டின் ஒரு பகுதிதான் என்பது அக்காலத்தில் எத்தனை பேருக்குத் தோன்றியதோ!) 1969இல் திரிண்டர் செம்மைப்படுத்திய நொதிய முறையும் அதன் வழிவந்தவையுமே இன்று எங்கும் பெருவழக்காக உள்ளன. குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியம் குளுக்கோசைக் குளுக்கோனிக்கமிலமாக ஒட்சியேற்றும்போது ஐதரசன் பேரொட்சைட்டு விளைகிறது. பெரொட்சிடேசு என்னும் இன்னொரு நொதியம் அதனைக் கொண்டு பீனோலையும் அமினோஅந்திபைரீனையும் இணைத்துச் செந்நிறப் பொருளொன்றை ஆக்குகிறது. அந்நிறத்தின் செறிவு ஏறத்தாழ 505 நனோமீற்றர் அலைநீளத்திலே அளக்கப்படுகிறது. நிறத்திலிருந்து பேரொட்சைட்டு, பேரொட்சைட்டிலிருந்து குளுக்கோசு எனக் கருதல் இரண்டு படிகளில் ஏறுகிறது. விற்றமின் சீ மிகுந்த குருதியில் பேரொட்சைட்டு இடையிலேயே அழிந்து விடை குறையலாம். இத்தகைய இடையூறுகளை அறிவியலாளர் அறிவர், நூல்களிலும் எழுதியுள்ளனர். மொத்தத்தில் நிறத்துக்கும் குழாயிலுள்ள குளுக்கோசுக்கும் இடையே உள்ள தொடர்பு பிரியாத் தொடர்பு என்று சொல்லத்தக்க அளவுக்கு உறுதியானது. இந்தப் படியில் எவரையும் குறை கூறுவதற்கில்லை.

குறை கூறவேண்டியது அதற்கு முந்திய படியை. குழாயிலுள்ள குளுக்கோசும் நாளத்திலிருந்த குளுக்கோசும் ஒன்றே என்று கொள்ளப்படுகிறது. அவை ஒன்றல்ல. குழாய்க்குள் வந்துவிட்டதனால் குருதி இறந்துபோவதில்லை. செங்குருதிச் சிறுதுணிக்கைக்கு இழைமணி கிடையாது; ஒட்சிசனைச் சுமந்து திரியும் அக்கலம் தன் பிழைப்புக்கு அந்த ஒட்சிசனைப் பயன்படுத்த இயலாதது. குளுக்கோசை உடைத்து இலற்றிக்கமிலமாக்கியே அது உயிர்வாழ்கிறது. நாளத்துள் இருந்தபோது ஈரல் அதற்கு வெல்லம் ஊட்டிக்கொண்டிருந்தது. குழாயினுள் ஊட்டுவார் இல்லை; உண்பார் மட்டும் உளர். வெண்துணிக்கைகளும் பந்தியில் அமர்கின்றன. அவை மிகுந்திருக்கும் நோய்களில் வெல்லம் இன்னும் விரைவாகக் குறைகிறது. அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குளுக்கோசு இவ்வாறு மறைகிறது என்பது நெடுங்காலமாக ஆய்வுகளாலும் பாடநூல்களாலும் நிலைநாட்டப்பட்ட செய்தி. ‘அறை வெப்பநிலை’ என்று அந்நூல்கள் குறிப்பது பெரும்பாலும் குளிர்நாட்டு அறையை. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே மட்டக்களப்பின் அறையொன்று 30 பாகையைத் தாண்டி நிற்கும். வெப்பம் ஏற நொதியங்களின் விரைவும் ஏறும். அதற்குத் தனியாகச் சான்று வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்குப் போதும். வெறும் வயிற்றில் எடுக்கப்பட்ட நாளக் குருதியின் திரவவிழையத்தில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ (ஒரு தெசிலீற்றரில்) குளுக்கோசு இருப்பின் நீரிழிவு எனக் கொள்வது 1997 முதல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தினதும் 1999 முதல் உலக சுகாதார நிறுவனத்தினதும் வரையறை. கல்லடியில் அதிகாலை கடலுக்குப் போய் மீண்ட ஒருவருடைய குருதியில், ஊசி ஏறிய கணத்தில், 132 மில்லிகிராம் இருந்தது என்று கொள்க. அவருக்கு நோய் உண்டு. ஒரு மணிநேரம் குழாய் தாங்கியிலே நின்றால், மிகக் குறைந்த கணக்காகிய 5 விழுக்காட்டின்படி, எஞ்சுவது 125. இப்போது அவருக்கு நோய் இல்லை. இரண்டு மணிநேரம் நின்று, மணிக்கு 6 விழுக்காடு குறைந்தால் எஞ்சுவது 117க்குக் கிட்ட. வைத்தியர் அறிக்கையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அந்த மனிதர் மகிழ்ச்சியோடு தேநீர்க் கடைக்குப் போகிறார். இங்கே வைத்தியர் பொய் சொல்லவில்லை, தொழில்நுட்பவியலாளர் தவறிழைக்கவில்லை, இயந்திரமும் குழாயிலே இருந்ததைச் சரியாகவே சொன்னது. எல்லாரும் தத்தம் கடமையைச் செய்தனர். நோய் மாத்திரம் மறைந்துபோயிற்று. சில ஆண்டுகளின் பின் ஆறாத கால்புண்ணாகவோ மங்கிய பார்வையாகவோ அது திரும்பி வரும்போது பழைய அறிக்கையை எவரும் தேடப்போவதில்லை.

“சாம்பல் மூடிக் குழாய் இருக்கிறதே” என்பது இதற்குக் கிடைக்கும் முதல் விடை. சோடியம் புளோரைட்டும் பொற்றாசியம் ஒட்சலேற்றும் இட்ட அக்குழாய் வெல்லச் சிதைவைத் தடுப்பது என்று மாணவர் மனனம் செய்கின்றனர். விரிவுரையாளர் பலரும் அவ்வாறே சொல்லிச் செல்கின்றனர். அரைகுறை உண்மை முழுப் பொய்யினும் நீண்டநாள் வாழும் என்பதற்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. புளோரைட்டு தாக்குவது ஈனோலேசு என்னும் நொதியத்தை. அது வெல்லச் சிதைவுப் பாதையின் கடைசிப் படிகளை அடுத்து நிற்பது. குளுக்கோசு அப்பாதைக்குள் நுழையும் வாயிலில் நிற்கும் எக்சோகைனேசோ தடையின்றித் தொழிற்படுகிறது. வீதியின் மறுமுனையை அடைத்துவிட்டு இம்முனையால் வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தால் வீதி நிரம்பும்வரை வண்டிகள் நுழையத்தானே செய்யும்? முதலிரு மணிநேரம் வரை புளோரைட்டுக் குழாயிலும் குளுக்கோசு ஏறத்தாழ வெறுங்குழாயிற் போலவே குறைகிறது, அதன்பின்னரே நிலைபெறுகிறது. களவு நடந்து முடிந்தபின் கதவைப் பூட்டும் காவலன் அது. பூட்டிய கதவைக் கண்டு வீட்டுக்காரர் நிம்மதியாக உறங்குகிறார்.

வாயிலிலேயே தடுக்கும் வழி அறியப்படாததன்று. குருதியைச் சித்திரேற்றுத் தாங்கற்கரைசலால் அமிலமாக்கினால் பாதையின் முதற்படிகள் உடனே நின்றுவிடும் என்பதை 1988இலேயே யப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். 2011இல் அமெரிக்காவின் மருத்துவ உயிரிரசாயனக் கழகமும் நீரிழிவுச் சங்கமும் ஏற்ற வழிகாட்டல் புளோரைட்டை மட்டும் நம்புவது போதாது என்று வெளிப்படையாகவே கூறிற்று: குழாய் உடனே பனிக்கட்டி நீரில் வைக்கப்பட்டு, 30 நிமிடங்களுக்குள் திரவவிழையம் பிரிக்கப்படவேண்டும், அஃது இயலாதெனின் சித்திரேற்றுக் குழாய் பயன்படவேண்டும். ஆண்டுகள் பல சென்றுவிட்டன. பல்கலைக்கழகங்களின் வினாத்தாள்களிலே சாம்பல் மூடி இன்னும் சரியான விடையாகவே இருந்துவருகிறது.

இனி, இவ்விழப்பு ஆய்வுகூடத்தின் கண்ணிலேயே படாமற் போவது எவ்வாறு? தரக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதன் அமைப்பிலேதான் நகைப்புக்கிடமான ஒரு முரண் இருக்கிறது. 1950இல் லீவியும் ஜெனிங்சும் அறிமுகப்படுத்திய வரைபு பல ஆய்வுகூடங்களின் சுவர்களை அலங்கரிக்கிறது. நாள்தோறும் கட்டுப்பாட்டு நீர்ப்பாயம் ஒன்றை இயந்திரத்தில் இட்டு, விடை எல்லைக்குள் நிற்கிறதா என்று புள்ளியிட்டுப் பார்ப்பர். அந்த நீர்ப்பாயம் உலர்த்திப் பொடியாக்கிப் போத்தலில் அடைத்து வருவது. அதில் கலங்கள் இல்லை. கலங்கள் இல்லாதபோது வெல்லத்தை உண்பார் இல்லை. வெளியிலிருந்து அனுப்பப்படும் தர மதிப்பீட்டு மாதிரிகளும் இத்தகையனவே. நோயாளியின் குழாய் எத்தனை மணிநேரம் வெயிலிற் காய்ந்தாலும் சுவரிலுள்ள வரைபு அசையாது. நேர்கோடாக, கண்ணுக்கினியதாக நிற்கும். அவ்வரைபைக் காட்டித் தரச்சான்றிதழும் பெறலாம். அளக்கும் வினை செம்மையாக இருக்கிறது என்று அது காட்டுவது மெய். அளக்கப்படும் பொருள் எது என்பதைக் குறித்து அதற்கு ஒன்றும் தெரியாது.

மாணவர் செய்முறை வகுப்பிலும் இதே கதை. நியமக் குளுக்கோசுக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் ஆக்கி, ஐந்தாறு செறிவுகளுக்கு நிறமானியில் அளவெடுத்து, நேர்கோடு வரைந்து, அதில் தெரியாக் கரைசலின் செறிவைக் கண்டால் வகுப்பு முடிந்தது. அந்நியமக் கரைசல் கெடாதிருக்கப் பென்சோயிக்கமிலம் சேர்க்கப்படுகிறது. நுண்ணுயிர் தின்றுவிடக்கூடாதே என்ற கவலை! போத்தலிலுள்ள வெல்லத்துக்கு இத்துணைக் காவல் செய்யும் அறிவு, மனிதக் குருதியிலுள்ள வெல்லத்தைக் காவலின்றி விடுவது எவ்வகையில் நியாயம்? நான்காண்டுக் கல்வியில் ஒரு நாள், ஒரே குருதியை ஐந்து குழாய்களிலிட்டு, அரை மணிக்கு ஒரு குழாயாகப் பிரித்து அளக்கும்படி மாணவருக்குச் சொன்னால், கீழ்நோக்கிச் சரியும் அக்கோட்டை அவர்கள் வாழ்நாளில் மறவார். அதற்கு வேண்டிய செலவு ஐந்து குழாய்களும் ஒரு கடிகாரமும்.

எல்லை எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்டல் வேண்டும். கருப்பிணித் தாய்மாரின் நீரிழிவுக்கு வெறும் வயிற்றில் 92 மில்லிகிராம் என்னும் எல்லை 2010இல் வகுக்கப்பட்டது. அதற்கு அடிப்படையாக அமைந்து 2008இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் குருதிக் குழாய்கள் பனிக்கட்டி நீரில் வைக்கப்பட்டிருந்தன. உலகம் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது, பனிக்கட்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் விளைவு யாதென்பதை அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலே 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. 155 கருப்பிணிப் பெண்களிடம் ஒரே வேளையில் இரட்டைக் குழாய்களில் குருதி எடுக்கப்பட்டது. ஒரு தொகுதி பனிக்கட்டியிலிட்டு உடனே பிரிக்கப்பட்டது. மற்றைத் தொகுதி வழக்கம்போல் புளோரைட்டுக் குழாயில் அறை வெப்பநிலையிலே காத்திருந்தது. வழக்கமான முறையில் 22 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. பனிக்கட்டி முறையில் 59 பேருக்குக் காணப்பட்டது. அதே பெண்கள்; அதே ஊசி; அதே காலை. 37 தாய்மார் வெறும் காத்திருப்பினால் நோயற்றவராயினர். டப்ளின் குளிர்ந்த ஊர். அங்கே ஆய்வுகூடமும் மகப்பேற்று மருத்துவமனையும் அயலயலே உள்ளன. அங்கே நிலை இதுவாயின் வாவியின் மேற்குக் கரையிலே, படுவான்கரைக் கிராமமொன்றில் எடுக்கப்பட்ட குழாயின் நிலையை ஊகிக்கப் பெரும்புலமை வேண்டியதில்லை.

தூரம் என்பது இப்பிரதேசத்திலே வெறும் கிலோமீற்றர்க் கணக்கன்று. வாவி நிலத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வைத்திய வசதிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் எழுவான்கரையிலும் நகரிலும் குவிந்தன. நெல் விளைந்தது படுவான்கரையில். மண்முனைத் துறையிலே ‘பாதை’ ஏறி வாவியைக் கடந்த காலம் 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. கல்லடியில் பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலங்கள் மக்களின் அலைச்சலைக் குறைத்தன. அதனை மறுப்பார் நன்றிகெட்டவர். ஆயின் பாலம் வந்ததனால் வேறொரு வழக்கமும் எளிதாயிற்று. குருதியை ஓரிடத்தில் எடுப்பது, அங்கேயே சேர்த்து வைப்பது, எல்லாரிடமும் எடுத்து முடிந்தபின் ஒன்றாகக் கட்டி வேறிடத்துக்கு அனுப்புவது என்பது இன்று இலங்கையெங்கும் பெருகியுள்ள ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு முதலில் வந்தவரின் குழாயும் ஒன்பது மணிக்குக் கடைசியாக வந்தவரின் குழாயும் ஒரே பெட்டியில் ஏறுகின்றன. முந்தி வந்தவருக்கு இரண்டு மணிநேரம் கூடுதலாக வெல்லம் குறைந்திருக்கும். அதிகாலையிலேயே வரிசையில் நிற்பவர் யார்? அன்றைய கூலியை இழக்க முடியாதவர். வறியவனுடைய அறிக்கையே மிகவும் பொய்யான அறிக்கையாகும் விந்தை இவ்வாறு நிகழ்கிறது.

இதற்குப் பரிகாரமாக முன்வைக்கப்படுவது எப்போதும் இயந்திரமே. இன்னும் பெரிய தன்னியக்கப் பகுப்புக் கருவி வேண்டும், மணிக்குச் சில நூறு மாதிரிகளைப் பார்க்கவல்லது வேண்டும் என்பர். அத்தகைய கருவிக்கு நிதி கிடைக்கும், நாடா வெட்டுவதற்குப் பிரமுகர் வருவர், நிழற்படம் எடுக்கப்படும். மையநீக்கிக்கு நாடா வெட்டியவர் எவரும் இலர். இப்பிரச்சினைக்கு வேண்டியதோ அந்த மையநீக்கிதான். அதன் விலை பெருங்கருவியின் விலையில் மிகச் சிறு பங்கு. குருதி எடுக்கும் இடத்திலே ஒரு மையநீக்கியும், சற்றுப் பயிற்சிபெற்ற ஒருவரும், பனிக்கட்டி நிரம்பிய பெட்டி ஒன்றும் இருந்தால், அரை மணிக்குள் கலங்களைப் பிரித்துவிடலாம். கலங்களினின்று பிரிந்த திரவவிழையத்தில் குளுக்கோசு 25 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 8 மணிநேரமும், 4 பாகையில் மூன்று நாள் வரையும் மாறாது நிற்கும். அதன்பின் அது எந்தப் பாலத்தையும் எந்த ஆற்றையும் ஆறுதலாகக் கடக்கலாம். மீன் பிடிக்கும் ஊருக்குப் பனிக்கட்டியின் பயனை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. பிடித்த மீனைப் பனிக்கட்டியின்றி நண்பகல்வரை வைத்திருப்பவனை அவ்வூர் பைத்தியக்காரன் என்னும். எடுத்த குருதியை அவ்வாறு வைத்திருப்பதற்கு ‘சேகரிப்பு நிலையம்’ என்று பெயர்.

மறுப்புகள் சில எழும். ஐந்து விழுக்காடு என்ன பெரிய பிழை, எந்த அளவீட்டிலும் அவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டே என்பர் சிலர். ஏற்ற இறக்கம் இரு பக்கமும் செல்வது. பலமுறை அளந்தால் தன்னைத்தானே திருத்திக்கொள்வது. இப்பிழை ஒரு பக்கம் மட்டுமே செல்வது. எப்போதும் கீழ்நோக்கியே இழுப்பது. ஐயமெனின் இன்னொரு நாள் மறுபடி சோதிக்குமாறு வைத்தியர் சொல்வார். மறுநாளும் குழாய் அதே தாங்கியில், அதே யன்னலோரம், அதே நேரம் காத்திருக்கும். முதற் பொய்யை இரண்டாம் பொய் உறுதிப்படுத்தும்.

விரல்நுனியிற் குத்திக் கையடக்கக் கருவியால் பார்த்துவிட்டால் இத்தொல்லை இல்லையே என்பர் வேறு சிலர். காத்திருப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அக்கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டு நியமம், 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விடைகள் 15 விழுக்காட்டு விலகலுக்குள் நின்றாற் போதும் என்கிறது. மெய்யான அளவு 126 ஆயின், கருவி 107 என்றாலும் 145 என்றாலும் நியமத்தை மீறியதாகாது. நோய் உண்டென அறிந்தவர் தம் அன்றாட நிலையைப் பார்த்துக்கொள்ள அது அரிய துணை; நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்பதற்கு அதனை ஆய்வுகூடத்தின் இடத்தில் வைத்தல் தகாது.

குளுக்கோசேறிய ஈமோகுளோபினை அளப்பதே இனி வழி என்பது மூன்றாவது கூற்று. மூன்றிலும் வலியது இதுவே. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அதனை நோய்நிர்ணயத்துக்கு ஏற்றது, எல்லை 6.5 விழுக்காடு. குழாயிற் காத்திருப்பதால் அது சில மணிநேரத்தில் மாறிவிடுவதில்லை. எனினும் அது செங்குருதிச் சிறுதுணிக்கையின் ஆயுளைச் சார்ந்தது. இரும்புச்சத்துக் குறைந்த சோகை உடையவரிடமும், பரம்பரை ஈமோகுளோபின் குறைபாடுடையவரிடமும் அது பிறழ்ந்த விடை தரலாம். கருப்பிணிகளுக்கு அது உதவாது. செலவோ பன்மடங்கு. ஒரு கடிகாரத்தையும் ஒரு மையநீக்கியையும் வைக்க மனமில்லாததனால் விலையுயர்ந்த இன்னொரு சோதனைக்கு ஓடுவது, கூரையின் ஓட்டையை அடைக்காமல் புதுவீடு தேடுவதை ஒக்கும்.

இவை எல்லாவற்றிலும் வெறுக்கத்தக்க மறுப்பு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. பின்தங்கிய பிரதேசத்துக்கு ஏதோ ஓர் எண் கிடைப்பதே பெரிது என்பது அது. பிழையான எண்ணிலும் எண்ணின்மை மேல். எண் இல்லாதவன் தன் தாகத்தையும் மெலிவையும் நம்பியாவது மீண்டும் வைத்தியரிடம் போவான். பிழையான எண்ணைப் பெற்றவன் போகமாட்டான். இத்தகைய ‘ஏதோ போதும்’ மனப்பான்மைக்கு இப்பிரதேசம் முன்னரும் இலக்காகியிருக்கிறது. இலங்கையில் வளர்ந்தோரின் நீரிழிவு வீதம் 10.3 விழுக்காடு என்று பலகாலம் மேற்கோள் காட்டப்பட்ட தேசிய ஆய்வு 2005-2006இல் நடந்தது. ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே அது நடத்தப்பட்டது. வடக்கும் கிழக்கும் போர் நிலைமை காரணமாக விடப்பட்டன. காரணம் விளங்கத்தக்கதே, ஆயினும் அவ்விரு மாகாணங்களையும் உட்படுத்தாத எண் ‘இலங்கையின்’ எண்ணாகவே நூல்களிலும் உரைகளிலும் ஏறிற்று, ஏழு மாகாணங்கள் என்ற குறிப்பு மெல்ல உதிர்ந்துபோயிற்று. 2018-2019இல் நடந்த பிறிதோர் ஆய்வு வளர்ந்தோரில் 23 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதாகக் கண்டது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இத்துணைப் பரந்த நோயிலே, எல்லைக்கோட்டை அண்டி நிற்போர் தொகையும் பெரிது. ஐந்து விழுக்காட்டுச் சரிவு தவறவிடும் தலைகளின் தொகையும் அதற்கேற்பப் பெரிது.

பழியைத் தொழில்நுட்பவியலாளர்மேற் சுமத்திவிட்டு அகல்வோரும் உளர். அது அநீதி. குழாய் அவர்கள் கைக்கு வரும்போதே காலம் கடந்துவிடுகிறது. அந்தக் குழாயை மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. மறுத்தால் நோயாளி சினப்பார், மேலதிகாரி சினப்பார். சீட்டில் ‘வெறும் வயிற்றுச் சீனி’ என்று கிறுக்கிவிட்டு நேரத்தைக் கேளாத வைத்தியர், கருவியின் விலையை அறிந்து மையநீக்கியின் பயனை அறியாத நிர்வாகி, சாம்பல் மூடியைக் கற்பித்து ஈனோலேசைக் கற்பிக்காத ஆசிரியர் ஆகிய மூவரும் இக்குற்றத்திற் பங்காளிகள். மூவரும் பல்கலைக்கழகத்தின் வாயில் வழியே வெளிவந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வேண்டப்படுவது பெரும் புரட்சி ஒன்றுமன்று. அறிக்கைத் தாளிலே நோயாளியின் பெயர், வயது, வைத்தியரின் பெயர் யாவும் அச்சாகின்றன. குளுக்கோசின் அளவு சில இடங்களில் பதின்மப் புள்ளியோடும் அச்சாகிறது. மணிக்கு ஆறேழு விழுக்காடு கரையும் பொருளுக்குப் பதின்மப் புள்ளி! அவ்வளவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாவதால் உரியவர் வாசிப்பதில்லை என்பது தனியே எழுதவேண்டிய குறை. அத்தாளில் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்படட்டும்: ‘குருதி எடுத்த நேரம்’, ‘கலம் பிரித்த நேரம்’. இரண்டுக்கும் இடையே 30 நிமிடத்துக்கு மேற்பட்டு, குழாய் பனிக்கட்டியிலும் இல்லாது, சித்திரேற்றுக் குழாயாகவும் இல்லாதிருந்தால், எண்ணின் இடத்தில் ‘மீண்டும் எடுக்கவும்’ என்று எழுதப்படட்டும். அந்த மீள்சோதனைக்கான செலவு நோயாளியுடையதாகாமல் நிலையத்தினுடையதாகட்டும். முதல் மாதத்திலே எத்தனை தாள்கள் எண்ணின்றித் திரும்புகின்றன என்று கணக்கெடுத்தால், மையநீக்கியை எங்கெங்கே வைக்கவேண்டும் என்பதற்குத் தனியே ஆய்வு நடத்தவேண்டியதில்லை.